தேறல்

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கெல்லையில், சித்தூரை அடுத்த கிராமங்களில், தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் அமர்ந்து உரையாடுகின்றன. அங்கிருந்து பொள்ளாச்சிப் பக்கம் வந்தால், சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய பதநீரைக் கொங்கு நாட்டார் 'தெளுவு' என்று வழங்குவதைக் கேட்கலாம். சுண்ணாம்பு அடியில் படிய, மேலே நிற்கும் தெளிந்த சாற்றை இறுத்து எடுக்கும் வழக்கத்துக்கு மிகப் பொருத்தமான பெயர் அது. அப்பெயருக்கு மூத்த உறவாகிய ஒரு சொல் சங்க இலக்கியத்தில் பிரசித்தமாக விளங்குகின்றது. தேறல் என்பதே அச்சொல்.

தெள், தெளி, தேறு என்பன ஓரினச் சொற்கள். கலங்கியது தெளிதல் என்பதே அவற்றின் ஆதிப் பொருள். ஆற்றுநீர் செந்நிறமாய்க் கலங்கி வரும் நாளில், தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறத்தில் இழைத்துவிட்டுச் சிறிது நேரம் அசைக்காமல் வைத்தால், சேறு திரண்டு அடியிலே தங்க, நீர் தெளிகின்றது. அவ்விதையின் பெயரிலும் இவ்வினையே நிற்கின்றது. நோயாளிக்கு உடம்பு தேறிற்று என்றும், மாணவன் பரீட்சையில் தேறினான் என்றும், துக்கமுற்றவருக்குத் தேறுதல் கூறினோம் என்றும் நாம் நாள்தோறும் சொல்லும்போது, கசடு கீழே தங்கி நல்லது மேலே நிற்கும் நிலையையே அறிந்தோ அறியாமலோ குறிப்பிடுகின்றோம்.

பழந்தமிழர் பானங்களுக்கு இட்ட பெயர்கள் நுட்பமானவை. கள் என்பது களிப்போடு உறவுடையது. பிழி, பிழிந்தெடுத்தலால் வந்தது. அரியல், அரித்து வடித்தலைக் காட்டுவது. தோப்பி, நெல்லினின்று இல்லத்தில் ஆக்கியது. இவற்றுள் தேறல் என்பது கனியையோ மயக்கத்தையோ சுட்டாமல், பொறுமையாகக் காத்திருந்து பெற்ற தெளிவை மட்டும் சுட்டுகின்றது. மூங்கிற் குழாய்களில் இட்டு நெடுநாள் விளையவைத்த மலைவாணரது மதுவைத் திருமுருகாற்றுப்படையும் மலைபடுகடாமும் தேறல் என்றே கூறுகின்றன.

கடல் கடந்து வந்த மதுவுக்கும் இப்பெயரே வாய்த்தது. பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை நக்கீரனார் பாடிய புறநானூற்றுச் செய்யுளில் (56), யவனர் நல்ல கலங்களிற் கொணர்ந்த குளிர்மணத் தேறலைப் பொற்கிண்ணத்தில் ஏந்தி மகளிர் ஊட்ட, அரசன் மகிழ்ந்திருக்குமாறு வாழ்த்துகின்றார். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுந்த பெரிப்ளூஸ் என்னும் கடல்வழி நூல், முசிறிப் பகுதிக்கு வந்த சரக்குகளில் மதுவையும் சேர்த்து, அதன் அளவு மிகுதியன்று என்றும் குறிக்கின்றது.

அம்மது விளைந்த நிலம் எது? பெரியாற்றின் முகத்துவாரத்துக்கு அருகிலுள்ளதும் பழைய முசிறியாகக் கருதப்படுவதுமான பட்டணம் என்னும் ஊரில் 2007 முதல் நடைபெற்ற அகழாய்வுகளில், இரட்டைக் கைப்பிடியுள்ள மேனாட்டு மதுச்சாடிகளின் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. அவற்றுள் ஒரு வகை ஓட்டை உடைத்துப் பார்த்தால், வெந்த களிமண்ணினிடையே மின்னும் கருமணல் துகள்கள் தென்படுகின்றன. வெசூவியஸ் எரிமலையை அடுத்த காம்பேனியா நாட்டுச் சாடிகளுக்குரிய அடையாளம் அது. எரிமலை உமிழ்ந்த சாம்பலும் பாறையும் மண்ணாக மாறிய சரிவுகளில் பழுத்த திராட்சைக் கனியின் சாறு, இடுக்கி மலைகளினின்று இழிந்துவரும் பெரியாறு கடலோடு கலக்கும் துறையில் வந்து இறங்கிற்று. மிளகைக் கொள்ள வந்த அவ்வணிகரின் காசுகள், கணவாய்க்கு அப்பால் கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூரிலும் கிடைத்திருக்கின்றன.

பின்னாளில் தேறல் என்னும் சொல் வழக்கொழிந்தது. வடமொழி த்ராக்ஷா தமிழில் திராட்சையாயிற்று; மிருத்வீகா முந்திரிகையாயிற்று. இன்று குமுளி மலைப்பாதையின் மேற்கே அக்கனி முந்திரி. கிழக்கே கம்பத்தில் இறங்கினால் திராட்சை. அதன் மதுவுக்கு மலையாளத்தில் போர்த்துக்கீசியர் வழிவந்த வீஞ்ஞு என்னும் பெயர், தமிழ் விவிலியத்தில் திராட்சரசம், கடைவீதியில் ஒயின். 1895-இல் நிறைவேறிய அணையினால் கிழக்கே திரும்பிய பெரியாற்று நீர் பாயும் கம்பம் பள்ளத்தாக்கிலே, 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர்த் திராட்சை விளைகின்றது. அந்நிலம் எரிமலை மண்ணன்று; இந்தியாவில் அத்தகைய மண்ணில் மதுவுக்கென்றே கொடி வளர்க்கும் நாடுகளுள் ஒன்று, தக்காணத்து எரிமலைப் பாறை கரிசலாக மாறிய நாசிக் பகுதியாகும்.

இரசாயன உரமும் மருந்தும் தவிர்த்து எரிமலைச் சரிவில் வளர்த்த கொடியினின்று எடுக்கும் மென்மையான செம்மதுவை மேனாட்டார் இக்காலத்தில் பெரிதும் விரும்புகின்றனர். அதனை ஆக்குவோர், துவர்ப்பு மிகுதியாக இறங்குமுன் கனியின் தோலைச் சில தினங்களிலேயே நீக்கி, நொதித்த சாற்றை அசையாமல் வைத்து, மண்டி அடியில் தங்கியபின் மேல்நின்றதை வேறு கலத்துக்கு வடிக்கின்றனர். இச்செய்கை முழுவதும் தேறல் என்னும் மூன்றெழுத்தில் அடங்கியிருக்கின்றது. ஆதலின், அம்மதுவைத் தமிழில் எழுத நேரும்போது ஒயின் என்று அயலாரிடம் கடன் கொள்ளாமல், நக்கீரனார் யவனர் சரக்குக்கு வழங்கிய பெயரையே நாமும் வழங்குவோமாக. அச்சொல்லைப் பிரயோகிக்கத் தொடங்கினால், தெளுவும் தேற்றாங்கொட்டையும் தேறுதலும் ஒரு குடும்பத்தவை என்பதைப் பள்ளிச் சிறுவர்களும் தாமே கண்டுகொள்வர்.