வேலையை விட்டு நிறுத்தும்போது ‘ராஜினாமா’ கடிதம் நீட்டினால் என்ன செய்வது?

2020 மார்ச் 18-ல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. உலகம் முழுக்க துணிக்கடைகள் மூடின, பெரிய பிராண்டுகள் ஆர்டர்களை நிறுத்தின. வங்காளதேசத்தில் மட்டும் 300 கோடி டாலருக்கு மேலான ஆர்டர்கள் ரத்தாகின அல்லது தள்ளிப்போயின. அந்த ஆண்டு மே மாதம் மலேசியாவில் வேலை இல்லாதவர்கள் 826,100 பேர், அதாவது 5.3 விழுக்காடு.

பேராக் தோட்டங்களில் அந்தக் காலத்தில் வேலை போனால் லயத்து வீடும் போகும். தோட்டத்தை விட்டு ஈப்போ பக்கம் தொழிற்சாலை வேலைக்கு வந்த பிள்ளைகளுக்குச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. ஆனால், ஒரே கையெழுத்தில் அதை இழந்துவிடலாம்.

ஆட்குறைப்பு செய்தால் என்ன கிடைக்கும்?

குறைந்தது 12 மாதம் வேலை செய்திருந்தால் இழப்பீடு உண்டு. 2 ஆண்டுக்குள் என்றால் ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். 2 முதல் 5 ஆண்டுக்குள் 15 நாள். அதற்கு மேல் 20 நாள்.

ஒரு கணக்கு பார்ப்போம். உங்க அக்கா தையல் பிரிவில் 8 ஆண்டு வேலை செய்தார், சம்பளம் 1,200 ரிங்கிட் (2020-ல் ஈப்போவின் குறைந்தபட்ச சம்பளம்) என்று வைத்துக்கொள்ளுங்கள். 160 நாள் சம்பளம், சுமார் 6,300 ரிங்கிட் வரும். அதோடு 8 வார முன்னறிவிப்பு, அல்லது அதற்கான சம்பளம்.

பெர்கேசோவின் வேலை காப்புறுதித் திட்டமும் இருக்கிறது. முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும், பிறகு படிப்படியாகக் குறையும்.

அப்போ சிக்கல் எங்கே?

“இதில் கையெழுத்து போடுங்க, ஆர்டர் வந்ததும் கூப்பிடுறோம்” என்று ராஜினாமா கடிதத்தை நீட்டினால் கவனம். நீங்களாகவே வேலையை விட்டதாக எழுதிக் கொடுத்தால், ஆட்குறைப்பு இழப்பீடும் பெர்கேசோ உதவியும் கைநழுவிப் போகலாம்.

என்ன செய்யணும்?

• புரியாத தாளில் கையெழுத்து போடாதீங்க. வேலை நீக்கத்தை எழுத்தில் கேளுங்க.
• சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்க.
• பெர்கேசோவில் 60 நாளுக்குள் விண்ணப்பிக்கணும்.
• நியாயமில்லாமல் நீக்கினார்கள் என்றால் தொழில் உறவு இலாகாவில் புகார் செய்யவும் அதே 60 நாள்தான். இழப்பீடு வரவில்லை என்றால் தொழிலாளர் இலாகாவுக்குப் போங்க.

வீட்டில் மலாய்ப் படிவங்களைப் படித்துச் சொல்வது பெரும்பாலும் நீங்கள்தான். கையெழுத்துக்கு முன்னால் அந்தத் தாளை ஒருமுறை வாங்கிப் பாருங்க.