காந்தமும் மனச்சோர்வும்

காந்தத்தால் நோய் தீரும் என்ற நம்பிக்கை, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸ் நகரத்துப் பிரபுக்களிடையே ஒரு பித்தாகவே பரவியிருந்தது. 1778இல் வியன்னாவிலிருந்து அங்கு வந்து சேர்ந்த மெஸ்மர் என்ற வைத்தியர், முதலில் காந்தங்களைக் கொண்டும், பின்னர் தம் உடலிலிருந்தே பாய்வதாகச் சொல்லிக்கொண்ட ஒருவகைக் காந்த சக்தியைக் கொண்டும் சிகிச்சை செய்து பெரும் பிரசித்தி பெற்றார். இதன் உண்மையை ஆராய 1784இல் பதினாறாம் லூயி மன்னர் நியமித்த குழுவில் பெஞ்சமின் பிராங்க்ளினும் ரசாயன மேதை லவாய்சியரும் இடம்பெற்றனர். பிராங்க்ளின் வசித்த பாசி என்னும் ஊரின் தோட்டத்தில் ஒரே ஒரு மரத்துக்கு மட்டும் மெஸ்மரின் சீடர் காந்தம் ஏற்றிவைக்க, கண்ணைக் கட்டிய சிறுவன் ஒருவனை மரம் மரமாக அணைத்துக்கொள்ளச் செய்தார்கள். அவனோ காந்தம் ஏறாத மரத்தடியில் மூர்ச்சையாகி விழுந்தான். எல்லாம் கற்பனையின் விளைவே என்று குழு தீர்ப்பளித்தது.

காந்தத்துக்கும் நரம்புக்கும் மெய்யான உறவு உண்டு என்பதற்கு வழி திறந்தவர் பாரடே. மாறுகின்ற காந்தப்புலம் அருகிலுள்ள கடத்தியில் மின்னோட்டத்தை எழுப்பும் என்று அவர் 1831இல் காட்டினார். மூளையும் ஒரு கடத்தியே அல்லவா? 1896இல் பிரான்சில் தார்சன்வாலும், 1910இல் லண்டனில் சில்வானஸ் தாம்ப்சனும் பெரிய கம்பிச் சுருளுக்குள் தலையை வைத்து மாறுமின்னோட்டம் செலுத்தியபோது, கண்முன்னே மங்கலான ஒளி மினுங்கக் கண்டார்கள். அது மூளையில் அன்று, விழித்திரையில் எழுந்த ஒளியே என்பது பிற்கால விளக்கம்.

1980இல் மெர்ட்டனும் மார்ட்டனும் மண்டையின் மேல் மின்சாரத்தைப் பாய்ச்சிக் கையைத் துடிக்க வைத்தார்கள். ஆனால் மின்சாரத்தைத் தடுக்கும் மண்டையோட்டைக் கடக்க வேண்டிய வேகத்தில் செலுத்தினால் வலி பொறுக்க முடியவில்லை. காந்தப்புலத்துக்கோ எலும்பு ஒரு தடையே அன்று. 1985இல் ஷெஃபீல்டில் அந்தோணி பார்க்கரும் அவருடைய சகாக்களும், மின்தேக்கியில் சேமித்த மின்சாரத்தைக் கண் இமைப்பதற்கும் முன்பாகத் தலைமேல் பிடித்த சுருளில் பாய்ச்சினார்கள். எதிர்ப்பக்கத்துக் கைத் தசைகள் வலியின்றித் துடித்தன. நரம்புப் பாதையைச் சோதிக்கும் கருவியொன்றைத் தேடியவர்களே அவர்கள். மனோவியாதி அவர்களுடைய சிந்தையிலேயே இல்லை.

மனச்சோர்வில் மூளையின் இடது முன்பகுதி மந்தமாக இயங்குகிறது என்று மூளைப்படங்கள் சுட்டிய காலத்தில், அமெரிக்காவில் மார்க் ஜார்ஜ் அங்கே சுருளை வைத்துப் பார்த்தார். மருந்துக்கு மசியாத 6 நோயாளிகளைப் பற்றிய அவருடைய அறிக்கை 1995இல் வெளிவந்தது. மூவாண்டுகளாக நீங்காத சோர்வு அவர்களுள் ஒருவருக்கு முற்றிலும் அகன்றிருந்தது. சுருளை எங்கே வைப்பது? கட்டைவிரல் துடிக்கும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கிருந்து 5 சென்டிமீட்டர் முன்னே நகர்ந்தால் போதும் என்பது பிரசித்தமான கணக்கு. எவ்வளவு சாமானியமான உபாயம்!

கற்பனை என்ற பழைய ஐயம் மட்டும் ஓயவில்லை. சுருளைச் சாய்த்துப் பிடித்தோ, போலிச் சுருளைப் பயன்படுத்தியோ, சப்தம் கேட்டாலும் காந்தம் மூளையைச் சேராதபடி செய்து ஒப்பிட்டார்கள்; பாசித் தோட்டத்துக் கண்கட்டின் வாரிசு என்றே இதைச் சொல்வேன். 301 பேரிடம் நடந்த பெரிய பரிசோதனை, தனக்கென வகுத்துக்கொண்ட முதன்மை அளவுகோலில் மயிரிழையில் தவறியது. ஆயினும் ஏனைய அளவுகோல்களில் நன்மை தெரியவே, மருந்து ஒன்று பலிக்காதவர்களுக்கு மட்டும் 2008இல் அமெரிக்க அரசு அனுமதி தந்தது.

மூளைக்குள் நிகழ்வது அதனினும் சுவையானது. 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியில் 10 நோயாளிகளின் இடது முன்மூளையில் இரு வாரம் விநாடிக்கு 20 துடிப்புகள் செலுத்தியபோது ரத்த ஓட்டம் மிகுந்தது. விநாடிக்கு ஒன்றாகச் செலுத்தியபோது சில பகுதிகளில் குறைந்தது. மாற்றம் சுருளின் கீழோடு நிற்காமல், காந்தம் நேரே எட்டாத அமிக்டலா என்னும் ஆழ்பகுதி வரை சென்றது. முன்மூளையின் ஆழத்தில் சோர்வுடன் தொடர்புடைய ஒரு பகுதி உண்டு. அதன் இயக்கத்துக்கு நேர்மாறாக இயங்கும் மேற்பரப்பு இடங்களில் சுருளை வைத்தவர்களுக்கே குணம் மிகுதி என்று 2012இல் பாஸ்டனில் மைக்கேல் ஃபாக்ஸ் குழுவினர் காட்டினர். அவ்விடம் தலைக்குத் தலை மாறுவதால், கட்டைவிரல் கணக்கை விட்டுவிட்டு, நோயாளியின் மூளைப்படத்தைப் பார்த்தே சுருளை வைக்கும் முறையை இப்போது பலர் நாடுகிறார்கள்.