இரைப்பை சிறிதான பிறகு: சாப்பிடுவதும் விழுங்குவதும்

கோப்பையில் சோறு மிச்சம் விடுவது எனக்குப் பழக்கமில்லாத வேலை. 2009 இல் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் வரிசையில் நின்று வாங்கிய சோற்றை, நின்ற இடத்திலேயே நாலைந்து வாயில் முடித்துவிடுவேன். அதற்கு முன்னர் மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் பங்கருக்குள் ஆறுதலாகச் சாப்பிட யாருக்கு நேரம் இருந்தது? முகாமை விட்டு வெளியே வந்து, வவுனியாவில் வாடகைக்கு வீடு எடுத்து, வேலையும் கிடைத்து, மூன்று வேளையும் உலை கொதித்த பின்னரும் அந்த வேகம் என்னை விட்டுப் போகவில்லை. முகாமில் 46 கிலோவாக இருந்தவள் பன்னிரண்டு வருடத்தில் 114 கிலோ ஆனேன். சீனி வருத்தமும் பிரஷரும் கூடவே வந்தன. முழங்கால் இரண்டும் தேய்ந்தன.

2023 பெப்ரவரியில் கொழும்பில் ஒரு வைத்தியசாலையில் எனக்கு இரைப்பையைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சை நடந்தது. ஐந்தாம் நாள் அம்மாவுடன் வவுனியா திரும்பினேன். கையில் தந்துவிட்ட உணவுத் தாள் ஆங்கிலத்தில் இருந்தது. அதில் புரொக்கோலி இருந்தது, ஓட்ஸ் இருந்தது. புட்டு இல்லை, சொதி இல்லை, ஒடியல் இல்லை. ஏழாவது கிழமை தங்கச்சி வீட்டில் ஒரு துண்டுக் கோழி இறைச்சி நெஞ்சுக்குழியில் இறுகி, இரண்டு மணித்தியாலம் எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் கிணற்றடியில் குனிந்து நின்றேன். அந்தத் தாளை எங்கள் அடுப்படிக்கு ஏற்றபடி நானே எழுதிக்கொள்ள வேண்டும் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது.

நான் வைத்தியர் அல்ல. கிளினிக்கில் கேட்டுத் தெரிந்ததையும் பட்டுத் தெரிந்ததையும் இங்கே எழுதுகிறேன். உங்கள் வைத்தியர் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் அவர் சொன்னபடியே செய்யுங்கள்.

உள்ளே என்ன மாறுகிறது

எனக்குச் செய்த முறையில் இரைப்பையின் 75 முதல் 80 வீதம் வரை வெட்டி அகற்றுவார்கள். மிஞ்சுவது வாழைப்பழ வடிவில் ஒரு ஒடுங்கிய குழாய். சாதாரண இரைப்பை ஒரு லீற்றருக்கு மேல் கொள்ளும். இது 100 முதல் 150 மில்லிலீற்றர் வரைதான், ஒரு தேநீர்க் கோப்பை அளவு. மற்றது பைபாஸ் முறை. அதில் இரைப்பையின் மேல் முனையில் 30 மில்லிலீற்றர் அளவில் ஒரு சிறு பையை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலோடு நேரே பொருத்துவார்கள்.

வெட்டி எடுக்கும் பகுதியில்தான் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹோர்மோன் அதிகம் சுரக்கிறது. அதனால் முதல் மாதங்களில் பசியே தெரியாது. ஆனால் பசிக்காதபோதும் என் கை பழைய வேகத்திலேயே வாய்க்குப் போனது. முகாமில் இருந்தவர்களுக்கு இது விளங்கும். சத்திரசிகிச்சைக்கு முன்னர் இதைப் பற்றி ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. நீங்கள் போவதாக இருந்தால், எப்படிச் சாப்பிட்டுப் பழகியவர் என்பதை முதலே சொல்லுங்கள். ஒன்றிரண்டு மாதம் முன்னதாகவே மெதுவாகச் சாப்பிடப் பழகுங்கள். வெட்டிய பிறகு பழகுவது மிகவும் கஷ்டம்.

எனக்குத் தந்த ஒழுங்கு இதுதான். முதல் இரண்டு கிழமை திரவம் மட்டும். மூன்றாம் நாலாம் கிழமை அரைத்துக் கூழாக்கிய சாப்பாடு. ஐந்தாம் ஆறாம் கிழமை கரண்டியால் மசிக்கக்கூடிய மெதுவான சாப்பாடு. அதன் பிறகுதான் வழமையான சாப்பாடு, அதுவும் ஒவ்வொன்றாக. சில நாட்கள் முன்பின்னாக இருக்கலாம். அவசரப்பட்டால் தையல் போட்ட இடம் பாதிக்கும்.

திரவக் காலத்தில் எங்கள் ஆட்கள் செய்யும் பிழை, கஞ்சியோடு நிற்பது. வடித்த கஞ்சி லேசாக இறங்கும், ஆனால் அதில் புரதம் மிகக் குறைவு. ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்று எனக்குச் சொன்னார்கள். பால், வடித்த பருப்புத் தண்ணீர், முள் எடுத்து அரைத்து வடித்த மீன் சூப் என்று அம்மா மாற்றி மாற்றித் தந்தா. பிறகு முட்டை வந்தது. ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம், 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம். சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் மட்டும் புரத அளவை வைத்தியரிடம் கேட்காமல் கூட்டக் கூடாது. வவுனியாவில் அந்த வருத்தம் உள்ளவர்கள் நிறையப் பேர் என்பதால் சொல்கிறேன்.

ஒரு வாய்

நான் இப்போது தேக்கரண்டியால்தான் சாப்பிடுகிறேன். கையால் பிசைந்தால் உருண்டை பெரிதாகிவிடுகிறது. ஒரு வாய் வைத்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு இருபது, இருபத்தைந்து தடவை மெல்லுவேன். வாய்க்குள் கட்டி ஒன்றும் தட்டுப்படாமல் கூழானால் மட்டும் விழுங்குவேன். மெல்ல மெல்லக் கூழாகாத சவ்வு, நரம்பு, தோல் எதுவானாலும் வெட்கப்படாமல் துப்பிவிடுவேன். பிறகு அரை நிமிடமாவது பொறுத்து அடுத்த வாய். இருபது முதல் முப்பது நிமிடத்துக்குள் முடிப்பேன். மீனோ முட்டையோ பருப்போ முதலில், சோறு கடைசியில்.

நிறுத்த வேண்டிய நேரத்தை உடம்பே சொல்லும். நெஞ்செலும்புக்குக் கீழே ஒரு அமுக்கம் வரும். சிலருக்கு விக்கல், சிலருக்கு மூக்கால் தண்ணீர் ஓடும். எனக்கு ஒரு தும்மல். அதற்குப் பிறகு ஒரு வாய் கூடினாலும் சத்திதான். மிச்சத்தை மூடி வைத்துவிட்டு எழும்புவதற்கு எனக்கு ஒரு வருடம் பிடித்தது. கடைசியில் அம்மா கோப்பையை மாற்றி, தேநீர்ப் பீரிசில் சாப்பாடு போடத் தொடங்கினா. எந்த அறிவுரையையும் விட அது உதவியது.

தண்ணீர் விடயம் எங்கள் பழக்கத்துக்கு நேர் எதிர். சாப்பாட்டுக்குப் பக்கத்தில் செம்பு வைக்காத வீடு இல்லை. இனி சாப்பிடும்போது குடிக்கக் கூடாது. சாப்பிட்டு அரை மணித்தியாலம் கழித்துத்தான் குடிக்கலாம். ஆனால் வவுனியா வெயிலில் குடிக்காமல் இருந்தால் மயங்கி விழ வேண்டியதுதான். ஒரே மூச்சில் குடிக்கவும் இயலாது. ஒரு போத்தலைக் கையோடு கொண்டு திரிந்து, நாள் முழுக்க மிடறு மிடறாக ஒன்றரை லீற்றர் முடிக்க வேண்டும். சோடா வேண்டாம், வாயு சிறிய இரைப்பையை ஊதிவிடும். சாப்பிட்ட உடனே படுக்கவும் வேண்டாம், புளித்தண்ணீர் தொண்டைக்கு ஏறும்.

சாப்பாடு இறுகிவிட்டால் என்ன செய்வது? உடனே நிறுத்துங்கள். எழும்பி நில்லுங்கள், மெதுவாக நடவுங்கள். தண்ணீர் குடிக்க வேண்டாம். அன்று தங்கச்சி பதறிப்போய் ஒரு குவளை தண்ணீரைக் குடிக்கச் சொன்னாள். அடைத்த குழாய்க்கு மேல் தண்ணீர் விட்டால் அது போக இடமில்லை, நோவு இரண்டு மடங்கானது. எச்சில் நுரையாக ஊறும், அதைத் துப்புங்கள். பெரும்பாலும் தானாக இறங்கும், அல்லது வெளியே வரும். சில மணித்தியாலத்துக்குப் பிறகும் எச்சிலே இறங்காவிட்டால் வைத்தியசாலைக்குப் போங்கள், குழாய்க் கமரா விட்டு எடுப்பார்கள். அன்று முழுக்கத் திரவம் மட்டும்.

இது வேறு, மூச்சுக்குழாயில் சாப்பாடு அடைப்பது வேறு. இரைப்பை வாசலில் இறுகினால் கதைக்க முடியும், மூச்சும் விட முடியும். கதைக்கவோ இருமவோ முடியாமல் ஒருவர் கழுத்தைப் பிடித்தால் அது மூச்சுக்குழாய். அவரை முன்னுக்குக் குனியவிட்டு, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் பலமாக ஐந்து தரம் அடியுங்கள். இன்னொருவர் 1990 க்கு எடுக்கட்டும். அது இலவச அம்புலன்ஸ்.

எங்கள் சாப்பாட்டில்

புட்டு உலர்ந்து இறங்கி உள்ளே ஊதும். பாலோ சொதியோ விட்டு நன்றாக ஊறவைத்தால் நாலு கரண்டி சாப்பிடலாம். இடியப்பமும் அப்படித்தான், ஒன்று போதும். மெதுவான பாண் வாய்க்குள் மாவுருண்டையாகிவிடும், அதைச் சுட்டு மொறுமொறுப்பாக்கினால் இறங்கும். ரொட்டியும் கொத்தும் எனக்கு இன்னும் சரிவரவில்லை. மீன் நல்லது. விரால் போன்ற குளத்து மீனை அவித்து முள் பார்த்துச் சாப்பிடலாம். கணவாயும் ஆட்டிறைச்சியும் கடைசியாகத் தொட வேண்டியவை. குழம்பில் ஊறாத காய்ந்த கோழி நெஞ்சுத் துண்டின் கதையைத்தான் சொன்னேனே.

மிக முக்கியம் நார். சிறிய இரைப்பை நாரைக் கடைந்து அனுப்பாது. நார் ஒன்றோடொன்று பின்னிப் பந்தாகி வழியை அடைத்துவிடும். முருங்கைக்காய்ச் சக்கையை விழுங்கக் கூடாது. தோடம்பழத்தைச் சுளையோடு தின்னாமல் சாறாக, தண்ணீர் கலந்து குடியுங்கள். பனங்கிழங்கையும் புழுக்கொடியலையும் மாவாக்காமல் தின்னவே வேண்டாம். கூழ் காய்ச்சுவதென்றால் மாவை அரித்து, உறைப்பைக் குறைத்து, நண்டுக் கோதும் மீன் முள்ளும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் இந்தச் சத்திரசிகிச்சை செய்துகொண்டு கோயில் திருவிழாவுக்கு வந்து இறங்குகிற சொந்தக்காரருக்கு ஆசையாகப் புழுக்கொடியலைக் கையில் கொடுக்கும் அம்மாமாருக்கும் இதைச் சொல்ல வேண்டும்.

ஷெல்லடியில் இரைப்பை போனவர்கள்

எங்கள் ஒழுங்கையில் ஒரு அண்ணை இருக்கிறார். 2009 இல் வயிற்றில் ஷெல் துண்டு பட்டு, மாத்தளனில் கிடந்து, செஞ்சிலுவைக் கப்பலில் திருகோணமலைக்குக் கொண்டுபோகப்பட்டவர். இரைப்பையின் ஒரு பகுதியையும் கொஞ்சம் குடலையும் வெட்டித்தான் உயிரைக் காப்பாற்றினார்கள். அந்த நெருக்கடியில் எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க யாருக்கும் அவகாசம் இருக்கவில்லை. பதினான்கு வருடமாகச் சாப்பிட்டவுடன் சத்தி, வயிற்றுப்பிடிப்பு. இனிப்புத் தேத்தண்ணி குடித்து அரை மணித்தியாலத்துக்குள் வியர்த்து, நெஞ்சு படபடத்து, கை நடுங்கும். ஷெல்லடி நாட்களில் வந்த அதே நடுக்கம் என்பதால் அவரும் வீட்டாரும் அதை மனப்பயம் என்றே நம்பியிருந்தார்கள்.

என் தாளைத் தமிழில் எழுதி வைத்திருந்ததை ஒருநாள் வாசித்துவிட்டு, "தங்கச்சி, இது என்ர வருத்தமெல்லே" என்றார். ஆம், அதேதான். வெட்டிய இரைப்பையில் சீனி நிற்காமல் நேரே குடலுக்குள் பாய்வதால் வரும் நிலை அது. டம்பிங் என்பார்கள். பைபாஸ் செய்தவர்களுக்கும் இது வரும். சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணித்தியாலம் கழித்துச் சீனி திடீரென இறங்கித் தலைசுற்றும்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. வியன்னாவில் தியோடர் பில்ரோத் 1881 இல் இரைப்பையின் ஒரு பகுதியை வெற்றிகரமாக அகற்றிய பிறகு, இரைப்பைப் புண்ணுக்கும் புற்றுநோய்க்கும் அப்படி வெட்டுவது வழக்கமானது. வெட்டப்பட்டவர்கள் மெலிவதைக் கவனித்துத்தான் அமெரிக்காவின் அயோவாவில் எட்வர்ட் மேசன் 1966 இல் எடை குறைக்க பைபாஸ் செய்தார். ஆகவே எனக்குத் தந்த தாளில் பெரும்பகுதி அண்ணைக்கும் பொருந்தும். சிறிய சாப்பாடு ஆறு தடவை, புரதம் முதலில், தண்ணீர் பிறகு, சீனி இல்லாத தேத்தண்ணி. ஒரு மாதத்தில் நடுக்கம் அனேகமாக நின்றது. கிளினிக்கில் இரத்தம் சோதித்தபோது விட்டமின் பி12 மிகக் குறைவு. காலில் இருந்த விறைப்புக்கும் களைப்புக்கும் அதுவும் காரணம். இப்போது ஊசி போடுகிறார். வயிற்றில் வெட்டுத் தழும்போடு, "காஸ் பிரச்சினை" என்று சொல்லிக்கொண்டு திரியும் எங்கள் ஆட்கள் ஒரு தரமாவது இந்த இரத்தச் சோதனையைக் கேட்டுப் பெறுவது நல்லது.

குளிசைகள்

விட்டமின், இரும்புச்சத்து, கல்சியம், விட்டமின் டி, பி12 எல்லாம் எனக்கு வாழ்நாள் முழுக்க. இரும்பையும் கல்சியத்தையும் இரண்டு மணித்தியால இடைவெளி விட்டுப் போடவேண்டும். இரும்பைத் தேத்தண்ணியோடு போடக் கூடாது. முதல் கிழமைகளில் பெரிய குளிசை இறுகும், தூளாக்கலாமா என்று மருந்தாளரிடம் கேளுங்கள். மெட்போர்மினில் மெதுவாகக் கரையும் வகையை உடைக்கவே கூடாது. சாப்பாடு குறைந்த பின்னும் சீனிக்குப் பழைய அளவு மருந்து போட்டால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கும், அளவை வைத்தியர் மாற்ற வேண்டும்.

உடம்பில் ஷெல் துண்டோடு வாழ்பவர்கள் நோவுக்கு டைக்குளோபினாக், இபுபுரூபன் போடுவது இங்கே சாதாரணம். வெட்டிய இரைப்பையில் அவை புண்ணை உண்டாக்கும், பைபாஸ் செய்தவருக்கு மிகவும் ஆபத்து. பனடோல் போடலாம். அதற்கு மேல் தேவையென்றால் வைத்தியரிடம் போங்கள். கடையில் சும்மா வாங்க வேண்டாம். பிள்ளை பெற நினைப்பவர்கள் ஒன்று, ஒன்றரை வருடம் பொறுக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எப்போது ஓட வேண்டும்

முதல் கிழமைகளில் காய்ச்சல், நெஞ்சு வேகமாக அடிப்பது, கூடிக்கொண்டே போகும் வயிற்று நோவு, இடது தோள் நோவு இருந்தால் தையல் போட்ட இடம் கசிகிறதோ என்று பார்க்க வேண்டும். விடியும்வரை காத்திருக்க வேண்டாம். முன்னர் இறங்கிய சாப்பாடு கிழமைக்குக் கிழமை இறங்காமல், கடைசியில் தண்ணீர் மட்டும் இறங்கும் நிலை வந்தால் வழி ஒடுங்கியிருக்கலாம். கறுப்பு மலமும் இரத்தச் சத்தியும் உடனே காட்ட வேண்டியவை.

சத்தி இரண்டு மூன்று நாள் விடாமல் இருந்தால் அது வெறும் சத்தி அல்ல. உடம்பில் தயமின் என்ற விட்டமின் பி1 தீர்ந்து, பார்வை இரண்டாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, கதை குழம்புவது எல்லாம் வரலாம். தாமதித்தால் மூளைப் பாதிப்பு நிரந்தரமாகும். குளுக்கோஸ் சேலைன் ஏற்றுவதற்கு முன்னர் தயமின் கொடுக்க வேண்டும். இரவில் அவசரப் பிரிவில் இருக்கும் வைத்தியருக்கு உங்கள் வயிற்றுக்குள் என்ன நடந்தது என்று தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அதற்காக நான் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் என்ன சத்திரசிகிச்சை, எந்தத் திகதி என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். அண்ணையிடம் 2009 இன் காகிதம் ஒன்றும் மிஞ்சவில்லை. ஸ்கானும் கமராவும் செய்து பார்த்த பிறகு வைத்தியர் எழுதிக் கொடுத்த இரண்டு வரியைப் பிரதி எடுத்து, பொலித்தீன் சுற்றி, அடையாள அட்டையோடு சட்டைப் பையில் வைத்திருக்கிறார்.