பட்டறை வாசலுக்கு முன்னே

பங்குத் திருவிழாவின் கொடியேற்றத்திற்கு முந்திய நாள் ஆலய முற்றத்தில் விளக்குத் தோரணம் கட்டுவோரை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். மூங்கில் ஏணியின் உச்சியில் நிற்பவன் பெரும்பாலும் பதினைந்து, பதினாறு வயதுச் சிறுவன். குழல்விளக்குகளைக் கயிற்றால் கட்டி முடித்தபின் இறங்கி வருகிறான். கம்பியின் முனையைப் பல்லால் கடித்து உறையை உரிக்கிறான். இரு முனைகளையும் சுவரிலுள்ள பிளக்குத் துளைகளில் செருகி, அவை நழுவாதிருக்கத் தீக்குச்சிகளை இறுக்குகிறான். விளக்குகள் எரிகின்றன, நாமும் மகிழ்கிறோம். "யாரிடம் தம்பி கற்றுக்கொண்டாய்?" என்று கேட்டால், ஒலிபெருக்கிக் கடை உரிமையாளரைக் காட்டி, "அண்ணன்கிட்டதான்" என்பான். அந்த அண்ணனும் அவ்வாறே இன்னோர் அண்ணனிடம் கற்றவர்தாம்.

இருவரையும் நாம் குறை கூறவில்லை. ஒருவர் அருகில் நின்று, கருவி எடுத்துக் கொடுத்து, பார்த்துப் பார்த்தே தொழில் பழகுவது மனித குலத்தின் மிகப் பழைய பள்ளி. ஆனால், அப்படிப் பழகத் தொடங்குவதற்கு முன்னரே ஓர் இளைஞன் சிலவற்றைக் கற்றிருக்க வேண்டுமா என்ற கேள்வி அவ்வளவு பழையதன்று. மின்சாரமும் குளிர்பதனமும் தொழில்களாக வளர்ந்த பிறகே அக்கேள்வி தவிர்க்க முடியாததாயிற்று. அது பிறந்த கதை சற்று நீண்டது.

தச்சன் மகன் தச்சனாகவும் கொல்லன் மகன் கொல்லனாகவும் வளர்ந்த காலத்தில் தொழில் பழகுதலுக்கு எழுத்தும் சட்டமும் வேண்டியிருக்கவில்லை. தந்தையே ஆசான், வீடே பட்டறை. தந்தையற்றவனுக்குத்தான் தொழிலும் இல்லாமற் போயிற்று. எனவே, நம் நாட்டில் தொழில் பழகுதல் பற்றிய முதற் சட்டம் அநாதைகளை எண்ணி எழுதப்பட்டதில் வியப்பில்லை. 1850ஆம் ஆண்டின் 19ஆம் சட்டமாகிய தொழில் பழகுநர் சட்டம், ஏழைச் சிறாரும் பொதுத் தருமத்தில் வளர்க்கப்பட்ட அநாதைகளும் வயது வந்தபின் பிழைப்பதற்கு ஒரு தொழிலைக் கற்கட்டும் என்னும் நோக்கத்தோடு இயற்றப்பட்டது. நோக்கம் நல்லதே. ஆயினும் பத்து வயது நிறைந்த பிள்ளையை ஏழாண்டு வரை ஓர் எசமானரிடம் பிணைத்துவிட அச்சட்டம் இடமளித்தது. பத்து வயதுக் குழந்தை விடுதியிலிருந்து நேரே பட்டறைக்குச் சென்றது. இடையில் ஒரு படியும் இல்லை.

ஏறத்தாழ அதே காலத்தில், இத்தாலியின் தூரின் நகரில் ஓர் இளங்குரு இதே துயரைக் கண்டார். மலைக் கிராமங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த சிறுவர்கள் அங்கே கொத்தனாருக்குச் செங்கல் சுமந்தார்கள், புகைக்கூண்டுகளைத் துடைத்தார்கள். தொன் போஸ்கோ வெறும் அறிவுரையோடு நில்லாமல், அவர்களுடைய எசமானர்களிடம் முத்திரைத் தாளை நீட்டினார். 1852 பிப்ரவரி 8ஆம் நாள் தச்சர் ஜுசெப்பே பெர்தொலினோவுக்கும் ஜுசெப்பே ஒதாசோ என்ற இளைஞனுக்கும் இடையே எழுதப்பட்ட ஒப்பந்தம் இன்றும் பாதுகாக்கப்பட்டுள்ளது. ஈராண்டுப் பயிற்சி, படிப்படியாக உயரும் தினக்கூலி, திருநாள்களில் முழு ஓய்வு. பையன் தவறினால் அன்போடு சொல்லால் மட்டுமே திருத்த வேண்டும், வேறு வகையில் அன்று. தச்சுத் தொழிலைச் சாராத எடுபிடி வேலைகளுக்கு அவனைப் பயன்படுத்தக் கூடாது. இந்த இறுதி நிபந்தனையை நாம் இருமுறை படிக்க வேண்டும். தொழில் கற்க வந்தவனைத் தேநீர் வாங்கி வரவும் கடை கூட்டவும் அனுப்பியே ஆண்டுகளைக் கழிக்கும் வழக்கம் தூரினுக்கு மட்டும் உரியதன்று.

ஆனால், ஒப்பந்தம் தாளில்தான் இருந்தது. பையன் இருந்ததோ நகரத்துப் பட்டறையின் நடுவில். 1853இல் தொன் போஸ்கோ வால்டோக்கோ இல்லத்திலேயே காலணிப் பட்டறையையும் தையற் பட்டறையையும் தொடங்கினார். அடுத்த ஆண்டு நூல் கட்டுதல், 1856இல் தச்சு, பின்னர் அச்சகம், இரும்புப் பட்டறை என அவை பெருகின. அவற்றை இன்றைய பொருளில் பள்ளி என்று சொல்லிவிட முடியாது. செய்த பொருளை விற்று அடுப்பெரிக்க வேண்டிய நிலை அங்கும் இருந்தது. எனினும் ஒன்று நிகழ்ந்தது: தவறு செய்தால் கூலி பிடிக்கப்படாத, வாடிக்கையாளர் சினந்து நிற்காத ஓர் அறை, தெருவுக்கும் பட்டறைக்கும் இடையே எழுந்தது. அவருடைய சபையினர் 1906இல் தஞ்சைக்கு வந்து சேர்ந்த நாள் முதல், அத்தகைய அறைகளைத் தமிழ்நாடும் அறியும்.

செருப்பும் சட்டையும் கற்பதற்கு அந்த அறை ஒரு சலுகை எனலாம். துணியைத் தவறாக வெட்டியவன் ஒரு முழத் துணியை இழக்கிறான். ஆசான் காதைத் திருகுகிறார். மறுமுறை கை தானே திருந்துகிறது. தவறே ஆசிரியர். மின்சாரத்தில் இந்த ஆசிரியருக்கு இடமில்லை. ஓர் ஆம்பியரின் பத்திலொரு பங்கு மார்பின் வழியே பாய்ந்தால் இதயத் துடிப்பு நிலைகுலைந்துவிடும். நாற்பது வாட் குமிழ்விளக்கு இழுக்கும் மின்னோட்டமே அதைவிட மிகுதி. அந்த மின்னோட்டத்திற்கு நிறமில்லை, மணமில்லை, ஒலியில்லை. சுவிட்சை அணைத்த பிறகும் மின்தேக்கியில் மின்னூட்டம் தங்கியிருக்கும் என்பதைக் கண் காணாது. முன்னரே ஒருவர் சொல்லியிருந்தால்தான் உண்டு. 1930களில் பைக்காராவிலும் மேட்டூரிலும் நீர்மின் உற்பத்தி தொடங்கி, பின்னர் வயற்காட்டு மோட்டார் வரை கம்பி சென்றபோது, இதைச் சொல்லித் தருவோர் ஊர்தோறும் இருந்தார்களா?

இல்லை. அரசு இத்துறையில் இறங்கியதும் ஏழை மாணவனை எண்ணியன்று, போரை எண்ணியே. இரண்டாம் உலகப் போரின்போது 1940இல் ஆயுதத் தொழிற்சாலைகளுக்கும் படைக்கும் கைவினைஞர் தேவைப்பட்டனர். அதற்கென்று நாடெங்கும் பயிற்சி நிலையங்கள் திறக்கப்பட்டன. போர் முடிந்தபின் அவை படையிலிருந்து திரும்பியோருக்கும், 1947இல் எல்லை தாண்டி வந்த அகதிகளுக்கும் பயன்பட்டன. 1950இல் அவை பொது இளைஞருக்கெனக் கைவினைஞர் பயிற்சித் திட்டமாக உருப்பெற்றன. நாம் ஐ.டி.ஐ. என்றழைக்கும் தொழிற்பயிற்சி நிலையத்தின் பிறப்பு இதுவே. 1956இல் அவற்றின் நிருவாகம் மாநிலங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அழிவுக்கென்று அமைத்த கூடம் ஆக்கத்திற்குக் கைமாறியது. வரலாறு அபூர்வமாகச் செய்யும் உபகாரங்களுள் இதுவும் ஒன்று.

அதன்பின் வந்தது 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம். நூற்றுப் பதினோர் ஆண்டு கழித்து வந்த இச்சட்டத்தைப் பழைய சட்டத்தோடு ஒப்பிட்டால், இடைப்பட்ட காலத்தில் மானுடம் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்பது புலப்படும். பழகுநர் பயிற்சி பெறுபவரே அன்றித் தொழிலாளர் அல்லர் என்று அது வரையறுத்தது. அவருக்கு உதவித்தொகை உண்டு. ஆனால் செய்த உருப்படியின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி தரக் கூடாது. அவசரப்படுத்தினால் கற்க முடியாது என்பதைச் சட்டம் உணர்ந்திருந்தது. நம் கட்டுரைக்கு முதன்மையான விதி ஒன்பதாம் பிரிவில் உள்ளது. முன்னரே நிலையத்தில் பயிலாத எவரையும், அடிப்படைப் பயிற்சி அளிக்காமல் வேலைக்களத்திற்குள் விடலாகாது. ஐந்நூறு பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் ஆலை, அப்பயிற்சியைத் தனிக் கட்டடத்திலோ, பட்டறையின் தனிப் பகுதியிலோ நடத்த வேண்டும் என்று 2014ஆம் ஆண்டின் திருத்தம் வரை அப்பிரிவு விதித்திருந்தது. வால்டோக்கோவின் அந்த அறை இங்கே சட்டத்தின் சொல்லாகிவிட்டது. 2014இல் வந்த திருத்தம் அபாயத் தொழில்களுக்குக் குறைந்த வயதைப் பதினெட்டாக உயர்த்தியது. 1850இல் பத்து வயது என்றிருந்ததை நினைவுகூர்வோம்.

நிலையத்திற்குள் நுழையும் மாணவன் முதலில் ஏமாற்றமே அடைகிறான். மின்பணி கற்க வந்தவனிடம் அரத்தைக் கொடுத்து, இரும்புத் துண்டைச் சமதளமாகத் தேய்க்கச் சொல்கிறார்கள். உள்ளங்கை கொப்புளிக்கிறது. "இதற்கும் மின்சாரத்திற்கும் என்ன தொடர்பு?" என்று அவன் மனத்துக்குள் முணுமுணுக்காமல் இருக்க மாட்டான். கை ஒரு கருவிக்குப் பணிந்து நடக்கப் பழகுவதே தொடர்பு. அடுத்து, மின்சாரம் பாயாத கம்பியில் இணைப்புகள் போடுகிறான். மரப்பலகையில் ஒரு வீட்டின் கம்பி அமைப்பு முழுவதையும் செய்து, அவிழ்த்து, மீண்டும் செய்கிறான். குளிர்பதனப் பிரிவில் இருப்பவன் செம்புக் குழாயை வெட்டுகிறான், வளைக்கிறான், அதன் வாயை விரிக்கிறான், பற்றவைக்கிறான், சோப்பு நுரை தடவிக் கசிவு பார்க்கிறான். எதிலும் கேஸ் இல்லை, குளிர்ச்சியும் இல்லை. உயிருள்ள இயந்திரத்தைத் தொடுவதற்கு முன் உயிரற்றதைத் தொட்டுப் பழகும் காலம் அது.

குளிர்பதனத்தில் இந்த முன்பயிற்சியின் அருமை இன்னும் தெளிவாகத் தெரியும். சென்னைக் கடற்கரையில் 1842இல் கட்டப்பட்டு இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்கும் ஐஸ் ஹவுஸில், அமெரிக்க ஏரிகளில் வெட்டிக் கப்பலில் கொணர்ந்த பனிக்கட்டியைச் சேமித்தார்கள். அங்கே பணிபுரிய மரத்தூளின் பயன் தெரிந்தால் போதும். பனிக்கட்டியை இயந்திரமே செய்யத் தொடங்கியபின் அந்த வாணிகம் மறைந்தது. அம்மோனியாவும் கந்தக டை ஆக்சைடும் மீதைல் குளோரைடும் வந்தன. மூன்றும் நச்சுத்தன்மை கொண்டவை. கசிந்த வாயுவால் உறக்கத்திலேயே மாண்ட குடும்பங்கள் அமெரிக்காவில் உண்டு. 1930இல் தாமஸ் மிட்கிலி என்ற வேதியியலார், தாம் உருவாக்கிய புதிய வாயுவை அறிஞர் அவையில் நெஞ்சு நிறைய இழுத்து, மெழுகுவர்த்தி ஒன்றின்மேல் ஊதி அணைத்துக் காட்டினார். நஞ்சன்று, தீப்பற்றாது! உலகம் பெருமூச்சு விட்டது. பழுது பார்ப்போர் அந்த வாயுவைத் தாராளமாகக் காற்றில் திறந்துவிட்டார்கள். அவர்களுக்கு அது தவறென்று யாரும் சொல்லவில்லை. அன்று எவருக்கும் தெரியவும் இல்லை.

1974இல் மொலினா, ரோலண்ட் என்னும் இரு அறிஞர்கள் அவ்வாயு வானின் ஓசோன் போர்வையைத் தின்னும் என்று எடுத்துரைத்தனர். 1987இல் மொன்றியால் உடன்படிக்கை உருவாயிற்று. இந்தியா 1992இல் அதில் இணைந்தது. 2010 முதல் அவ்வகை வாயுக்களின் உற்பத்தி இங்கே பெரும்பாலும் நின்றுபோயிற்று. இன்று வீட்டுக் குளிர்பதனப் பெட்டிகள் பலவற்றில் ஐசோபியூட்டேன் இருக்கிறது. ஓசோனுக்குத் தீங்கற்றது, ஆனால் நம் சமையல் எரிவாயுவுக்கு நெருங்கிய உறவு. பழைய அண்ணனிடம் கற்ற பழைய முறைப்படி, குழாயில் எஞ்சிய வாயுவை வெளியேற்றாமலே பற்றவைக்கும் சுடரை அருகே கொண்டுவருபவனின் நிலையை எண்ணிப் பாருங்கள். கசிவு சோதிக்க நைட்ரஜன் உருளை இல்லையென்று, பற்றவைக்க வைத்திருக்கும் ஆக்சிஜனையே குழாயில் ஏற்றுவோரும் உண்டு. கம்ப்ரசரின் எண்ணெயும் அழுத்தம் மிகுந்த ஆக்சிஜனும் சேர்ந்தால் அது வெடிகுண்டுக்கு ஒப்பாகும். இதைத் தவறு செய்து கற்றுக்கொள்ள இயலாது. முதல் தவறே இறுதித் தவறாகிவிடக் கூடும்.

இவ்வளவு தெரிந்தும் அந்தப் பையன் ஏன் நிலையத்திற்குச் செல்லவில்லை? மின்பணிக்கும் குளிர்பதனத்திற்கும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். அவன் ஒன்பதோடு நின்றவனாயிருக்கலாம். ஈராண்டு ஊதியமின்றிப் படிக்க வேண்டும். அரசு நிலையங்களில் கட்டணமில்லை, மாதந்தோறும் சிறு உதவித்தொகையும் உண்டு என்பது மெய்யே. ஆனால் அவனுடைய தாய் எதிர்பார்ப்பது சனிக்கிழமைக் கூலி. தூரின் ஒப்பந்தத்தில் முதல் நாளிலிருந்தே கூலி எழுதப்பட்டிருந்ததன் காரணம் இப்போது விளங்குகிறது. வறியவனுக்குப் பயிற்சி அளிப்பதைவிட, பயிலும் காலத்தில் அவன் வீட்டு அடுப்பு எரியச் செய்வதே கடினம். தொன் போஸ்கோ அதற்கு உணவும் உறைவிடமும் தந்தார். 1961ஆம் ஆண்டுச் சட்டம் பழகுநருக்கு உதவித்தொகையை விதித்தது. அதற்கும் முந்திய படியில் நிற்பவனுக்குத்தான் நாம் இன்னும் நிறைவாக எதுவும் செய்யவில்லை என்பது எம் கருத்து.

கதவு முழுவதும் அடைபட்டதும் இல்லை. கம்பியாள் பிரிவில் சேர எட்டாம் வகுப்பே போதும். கடைகளில் பழகி அனுபவம் பெற்றோருக்காக, கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வைத் தமிழக அரசு நடத்தி வருகிறது. இதை அறிந்த ஒலிபெருக்கிக் கடைக்காரர்கள் எத்தனை பேர்? பங்கின் விளம்பரப் பலகையில் திருப்பலி நேரங்களுக்கு அடியில் இந்த அறிவிப்பு ஒட்டப்பட்டதை நாம் எங்கேனும் கண்டதுண்டா?

சென்ற திருவிழாவின்போது, தோரணம் கட்டிய சிறுவனிடம் பிளக் ஒன்றை வாங்கிக் கொடுத்தோம். அவன் வெட்கத்துடன் பெற்றுக்கொண்டான்; சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு, முன்போலவே தீக்குச்சியைத் தேடினான். "ஏன் தம்பி, அதை மாட்டவில்லை?" என்றோம். கம்பியை அதனுள்ளே எப்படிப் பிணைப்பது என்று அவனுக்கு எவரும் காட்டித் தந்ததில்லை. திருகாணி முடுக்கி ஒன்றை இரவல் வாங்கி வந்து, ஆலயப் படிக்கட்டில் இருவரும் அமர்ந்தோம்.