தைல டப்பாவின் கதை



மார்கழிப் பனி இறங்கத் தொடங்கினால் பாடாலூரில் வீட்டுக்கு வீடு தைல வாசனைதான். உங்கள் மருந்துப் பெட்டியையும் திறந்து பாருங்கள். ஒரு மஞ்சள் தைலம், ஒரு விக்ஸ் டப்பா, சிங்கப்பூரிலிருந்து உறவினர் யாரோ கொண்டுவந்த கோடாலித் தைலம், இவற்றில் ஒன்றாவது இருக்கும்.

நம் நாட்டில் பிறந்தது மஞ்சள் தைலம். கிருஷ்ணா மாவட்டத்துக்காரரான காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893இல் பம்பாயில் அமிர்தாஞ்சனத்தைத் தொடங்கினார். கச்சேரிகளுக்கு வருபவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தே அதைப் பரப்பினார் என்பார்கள். தைலத்தில் வந்த பணம் பத்திரிகைக்குப் போனது. 1908இல் அவர் தொடங்கிய ‘ஆந்திர பத்திரிகா’ 1914இல் சென்னைக்கு வந்தது. மயிலாப்பூர் லஸ் பக்கம் உள்ள நாகேஸ்வர ராவ் பூங்கா இவர் பெயரில்தான் இருக்கிறது. அது தலைவலித் தைலம். நாம்தான் சளிக்கும் சேர்த்துத் தேய்த்துக்கொண்டோம்.

விக்ஸ் அமெரிக்காவின் வட கரோலினாவில் பிறந்தது. லன்ஸ்ஃபோர்ட் ரிச்சர்ட்சன் என்ற மருந்துக்கடைக்காரர் மென்தால், கற்பூரம், நீலகிரித் தைலம் ஆகியவற்றை வாசலினில் கலந்து செய்தார். 1918இல் உலகையே உலுக்கிய விஷக் காய்ச்சல் வந்தது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்தப் பீதியில் அமெரிக்காவில் விக்ஸ் விற்பனை பல மடங்கு ஏறியது. ரிச்சர்ட்சனோ அடுத்த ஆண்டே நிமோனியாவில் இறந்துபோனார்.

தைலம் நோயைத் தீர்ப்பதில்லை. மென்தால் பட்டதும் மூக்கிலுள்ள குளிர்ச்சி அறியும் நரம்புகள் தூண்டப்படுகின்றன. உடனே ‘மூச்சு தாராளமாகப் போகிறது’ என்று தோன்றுகிறது. உண்மையில் அடைப்பு அப்படியே இருக்கும். பெரியவர்களுக்கு அந்தச் சுகமே தூங்கப் போதும். அதில் தவறில்லை.

கைக்குழந்தைகள் விஷயம் வேறு. 18 மாதக் குழந்தை ஒன்றுக்கு மூக்கின் கீழ் விக்ஸ் தடவியதும் கடுமையான மூச்சுத் திணறல் ஏற்பட்டதை ஒட்டி, அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தார்கள். கீரி போன்ற ஃபெரெட் என்னும் விலங்கின் மூச்சுக்குழாயில் சோதித்தபோது சளி சுரப்பது அதிகமானது. முடிவு 2009இல் வெளியானது. ஆகவே 2 வயதுக்குள் தடவவே வேண்டாம். பெரிய பிள்ளைகளுக்கு நெஞ்சிலும் கழுத்திலும் மட்டும். மூக்குக்குள், கண்ணருகே, புண் மேல் கூடாது. தடவிய கையைக் கழுவிவிடுங்கள்.

நம் பாட்டிமார் தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைக் காய்ச்சித் தேய்ப்பார்கள். பாசம் சரிதான், ஆனால் அளவு யாருக்கும் தெரியாது. தோலில் தடவும் மருந்தில் கற்பூரம் 11 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது அமெரிக்க விதி. அளவு மிஞ்சினால் குழந்தைக்கு வலிப்பு வரும். சிறுவர்களுக்கு இந்த வைத்தியம் வேண்டாமென்றே சொல்வேன். தைலத்தைக் கொதிநீரில் போட்டு ஆவி பிடிப்பதும், அடுப்பில் சூடாக்குவதும் ஆபத்து.

குழந்தை தைலத்தையோ கற்பூரத்தையோ விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள். டப்பாவையும் கையோடு கொண்டுபோங்கள். உள்ளே என்னென்ன எவ்வளவு என்பது அதன் மேல்தான் அச்சாகியிருக்கும்.