வீட்டுத் தோட்டத்துல குளம் வெட்டப் போறீங்களா? ஷீட் வாங்கும் முன் இதைப் பாருங்க!

கும்மிடிப்பூண்டி, பழவேற்காடு பக்கம் பல இடங்களில் மணல் கலந்த மண். அடியில் ஷீட் போடாவிட்டால் ஊற்றிய தண்ணீர் நிற்காது.

எவ்வளவு ஷீட் வேணும்? நீளத்தோடு ஆழத்தை இரண்டு முறை கூட்டி, கரைக்கு 2 அடி சேர்க்கணும். அகலத்துக்கும் அதே கணக்குதான். 10 அடி நீளம், 6 அடி அகலம், 2 அடி ஆழம் என்றால் 16-க்கு 12 அடி. கல், வேரைப் பொறுக்கிவிட்டு, 2 அங்குலம் மணல் பரப்பி, அதன்மேல் விரிக்கணும். சிப்காட் பக்கம் சல்லிசாகக் கிடைக்குதே என்று ரசாயனம் பட்ட பழைய தார்ப்பாயை வாங்கிடாதீங்க, மீன் மிஞ்சாது.

பெரிய சிக்கல் மழைக்காலத்தில்தான். நிலத்தடி நீர் மேலே ஏறினால் ஷீட்டை அடியிலிருந்து பலூன் மாதிரி தூக்கிவிடும். அதனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் எந்த மட்டத்துக்கு வருது என்று விசாரித்துவிட்டு ஆழத்தை முடிவு பண்ணுங்க. அந்த மாதங்களில் குளத்தைக் காலியா விடக்கூடாது.

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, முட்டையிலிருந்து பறக்க 7 முதல் 10 நாள் போதும். நாலைந்து கப்பி மீன் விட்டால் புழுக்களைத் தின்றுவிடும். மிஞ்சும் குஞ்சுகளை ஏரியில் விடாதீங்க. வீட்டில் குழந்தை இருந்தால் முதலில் வேலி, அப்புறம்தான் தண்ணீர்.