தன்னைத் தேடிய வரலாறு

பிழைப்பின் பொருட்டும் உத்தியோகத்தின் பொருட்டும் தாயகத்தை விட்டுப் பிற மாநிலங்களிலே வாழும் தமிழர் நாள்தோறும் எதிர்ப்படும் வினா ஒன்று உண்டு. "தாங்கள் எந்த ஊர்?" என்பதே அது. அதற்கு விடையாக ஊரைச் சொல்லுகிறோம், மொழியைச் சொல்லுகிறோம், செய்யும் தொழிலைச் சொல்லுகிறோம். இவை யாவும் நம்மைச் சேர்ந்தவை என்பதில் ஐயமில்லை. ஆயினும், இவற்றையெல்லாம் 'என்னுடையவை' என்று உரிமை பாராட்டுகின்ற அந்த 'நான்' யார் என்று எவரேனும் வினவினால் திகைத்து நிற்கிறோம். அவ்வினாவைத் தன்னிடமே கேட்டு, விடை காணுமளவும் விடாது நின்ற ஒரு சிறுவரின் வரலாற்றை இங்கே நோக்குவோம்.

பாண்டிநாட்டுத் திருச்சுழியிலே 1879ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் வேங்கடராமன் பிறந்தார். தந்தையார் சுந்தரமையர் வக்கீல் தொழில் நடத்தியவர், தாயார் அழகம்மை. 1892ஆம் ஆண்டில் தந்தையார் காலமாகவே, வேங்கடராமனும் தமையனார் நாகசுவாமியும் மதுரையிலே தந்தையின் உடன்பிறந்தாரான சுப்பையரின் இல்லத்திற்கு வந்து சேர்ந்தனர். சிறுவருக்குப் படிப்பிலே மிகுந்த நாட்டமில்லை. விளையாட்டிலே நாட்டம் இருந்தது. பிற்காலத்திலே உலகம் போற்றிய இரமண மகரிஷி இவரே என்று அன்று யாரும் கருதியிருக்க இயலாது.

1895ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் உறவினராகிய முதியவர் ஒருவர் வந்தார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று சிறுவர் கேட்டார். அருணாசலத்திலிருந்து என்றார் முதியவர். நாம் வழியிலே கேட்டு மறந்துவிடும் சாதாரண வினாவும் விடையுமே இவை. ஆனால், பெயரளவிலே அறிந்திருந்த ஒரு திருத்தலம் உண்மையிலேயே மண்ணில் உள்ளது, அங்கே ஒருவர் சென்று மீளவும் கூடும் என்ற செய்தி சிறுவரின் உள்ளத்தை அசைத்துவிட்டது.

1896ஆம் ஆண்டு ஜூலை மாதத்தின் நடுப்பகுதியில், மதுரைச் சொக்கப்ப நாயக்கன் தெருவிலுள்ள அவ்வீட்டின் மாடி அறையிலே அவர் தனித்திருந்தார். உடலிலே நோய் எதுவும் இல்லை. எனினும், இறக்கப் போகிறோம் என்ற பேரச்சம் திடீரென்று அவரைப் பற்றிக்கொண்டது. அவர் யாரையும் அழைக்கவில்லை. வைத்தியரைத் தேடவும் இல்லை. கைகால்களை நீட்டிப் பிணம்போல் கிடந்து, மூச்சை அடக்கி, வாயை மூடிக்கொண்டு, சாவு என்பது யாது என ஆராயத் தலைப்பட்டார். இவ்வுடல் சுடுகாட்டிற்குச் சென்று சாம்பலாகும். அதனுடன் 'நான்' என்பதும் அழியுமோ? உடல் அசைவற்றுக் கிடக்கவும், 'நான்' என்னும் உணர்வோ சிறிதும் குன்றாமல் விளங்கியது. சாவு தீண்டாத பொருள் ஒன்று தன்னிடத்தே உண்டு என்பதை அவர் நேரிலே கண்டார். அதனோடு அச்சமும் அகன்றது. அப்போது அவருக்கு வயது பதினாறு.

இந்நிகழ்ச்சி எவ்வாறு நமக்குக் கிட்டியது என்பதும் அறியத்தக்கது. பி. வி. நரசிம்மசுவாமி 1931ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆங்கில வரலாற்று நூலிலே இது மகரிஷி தாமே கூறுவதுபோல் அமைந்திருக்கிறது. ஆனால், சொற்கள் அப்படியே எழுதப்பெற்றவை அல்ல என்று நூலாசிரியர் தாமே குறித்திருக்கிறார். ஆகவே, சொல்லுக்குச் சொல் பொருள் காண முற்படாமல், நிகழ்ச்சியின் சாரத்தையே நாம் கொள்ளுதல் முறை. அச்சாரத்திற்கு வேறொரு சான்றும் உண்டு. அது சிறுவர் தம் கையாலேயே எழுதிய ஒரு கடிதம்.

1896ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள். ஆங்கில இலக்கணப் பாடத்தை மும்முறை எழுதிவரும் தண்டனை பெற்றிருந்த வேங்கடராமன் இருமுறை எழுதி, பின்பு அதனை ஒதுக்கிவைத்துக் கண்மூடி அமர்ந்துவிட்டார். இதனைக் கண்ட தமையனார், இப்படியிருக்க விரும்புகிறவனுக்குப் படிப்பு எதற்கு என்னும் கருத்துப்படக் கடிந்துரைத்தார். அச்சொல் நியாயமானதே என்று தம்பிக்குத் தோன்றியது. தமையனாரின் கல்லூரிச் சம்பளத்திற்கென்று தரப்பட்ட ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, எஞ்சிய இரண்டையும் ஒரு கடிதத்தையும் வைத்துவிட்டுப் புறப்பட்டார். தம் தந்தையைத் தேடிச் செல்வதாகவும், ஒருவரும் வருந்தவோ பணம் செலவிட்டுத் தேடவோ வேண்டாம் என்றும் அதிலே எழுதியிருந்தார். கடிதம் 'நான்' என்று தொடங்குகிறது. அடுத்த வாக்கியத்திலேயே 'நான்' மறைந்து 'இது' என்றாகிறது. முடிவிலே கையொப்பம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டுமே உள்ளது. ஆறு வாரங்களுக்கு முன் மாடி அறையிலே நிகழ்ந்ததற்கு இதனினும் தெளிவான சாசனம் வேண்டுவதில்லை. கல்லூரிச் சம்பளம் இன்னும் கட்டப்படவில்லை என்ற குறிப்பையும் அவர் மறவாமல் எழுதியதை நாம் கவனிக்க வேண்டும். 'நான்' நழுவியவரிடத்திலே பொறுப்புணர்ச்சி நழுவிவிடவில்லை.

பழைய தேசப்படம் ஒன்றைப் பார்த்து, திண்டிவனமே அருகிலுள்ள நிலையம் என்று எண்ணி அவ்வூருக்குச் சீட்டு வாங்கினார். இடையிலே விழுப்புரத்தில் இறங்கி, ஒரு பகுதியை நடந்து கடந்து, வழியிலே காதணியை அடகுவைத்துப் பொருள் பெற்று, செப்டம்பர் 1ஆம் நாள் திருவண்ணாமலையை அடைந்தார். 1950ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் மறையும்வரை அவ்வூரை விட்டு அவர் அகலவேயில்லை.

பல ஆண்டுகள் அவர் பேசவில்லை. ரெவினியூ இலாகாவில் பணியாற்றிய சிவப்பிரகாசம் பிள்ளை விரூபாட்ச குகைக்கு வந்து, 'நான் யார்?' என்ற வினாவையே அவரிடம் வைத்தார். விடைகள் எழுத்தாலும் சைகையாலும் வந்தன. அவையே 1923ஆம் ஆண்டில் 'நான் யார்?' என்னும் சிறுநூலாக வெளிவந்தன. அதன் கருத்தை எளிதிலே சொல்லலாம். மனம் என்று தனியே ஒரு பொருள் இல்லை. எண்ணங்களின் தொகுதியே மனம். அவ்வெண்ணங்களுக்கெல்லாம் முதலாவது 'நான்' என்னும் எண்ணம். கோபமோ கவலையோ எழும்போது, இது யாருக்கு எழுந்தது என்று வினவினால் 'எனக்கு' என்பது விடையாகும். அந்த 'நான்' எங்கிருந்து முளைக்கிறது என்று உள்நோக்கித் தொடர்ந்தால், அது தன் மூலத்திலே ஒடுங்கும். ஒடுங்கிய பின்னும் எஞ்சி நிற்பதே உண்மையான தன்மை. உறக்கத்திலும் மனம் ஒடுங்குகிறது. ஆயினும் விழித்தவுடன் அது மீண்டும் எழுந்துவிடுகிறது. விசாரணையோ விழிப்புடன் மூலத்தைக் காண்பது.

அப்படியாயின், அனைவரும் வீட்டைத் துறந்து வெளியேற வேண்டுமா? இவ்வினாவையும் பலர் அவரிடம் கேட்டனர். இல்லறத்தாரைத் துறவுக்கு அவர் தூண்டவில்லை. எங்கே சென்றாலும் மனம் உடன்வரும் என்பதே அவர் கருத்து. தாங்கள் மட்டும் வெளியேறியது ஏன் என்று கேட்டவர்க்கு, அது தமது பிராரப்தம் என்று விடையளித்தார். 1944ஆம் ஆண்டில் அவரை அடைந்த பஞ்சாபியரான பூஞ்சாவை, 1947ஆம் ஆண்டின் பிரிவினைக் கலவரத்தின்போது குடும்பத்தாரை மீட்டுவர அனுப்பியவரும் அவரே. பூஞ்சா அவர்களைக் காப்பாற்றி லக்னோவில் குடியமர்த்தினார். 1997ஆம் ஆண்டில் மறையுமளவும் இவ்விசாரணையையே வந்தவர்க்கு எடுத்துரைத்தார். மதுரையிலே ஒரு சிறுவர் எழுப்பிய வினா, இவ்வாறு கோமதி நதிக்கரையையும் சென்றடைந்தது.

ஆகவே, ஊரைப் பிரிந்து வாழ்வது இத்தேடலுக்குத் தடையாகாது. புதிய இடத்திலே ஊரும் மொழியும் பதவியும் நம்மீது போர்த்தப்பட்டவை என்பது சற்று எளிதாகவே விளங்கும். போர்வைகளை இகழ வேண்டியதில்லை. அவற்றைப் போர்த்திருப்பவர் யார் என்று நோக்கினால் போதும். அடுத்த முறை ஒருவர் "தாங்கள் எந்த ஊர்?" என்று கேட்கும்போது, அன்புடன் விடை கூறுவோம். பின்பு தனித்திருக்கும் வேளையில், அவ்விடையைக் கூறியவர் யார் என்று ஒரு கணம் நம்மையே கேட்டுக்கொள்வோம்.